வெயிலை மட்டும் திருத்தியவர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படம் எடுத்துக்கொண்டிருந்த அந்த அக்காவுக்கு வியாபாரம் செய்யத் தெரியாது. இதை அவருடைய முகத்துக்கு நேரேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உலகத்தில் எந்தப் படக்காரராவது திருத்தாத படத்தை முதலில் காட்டுவாரா? இவர் காட்டுவார். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பமொன்று பட்டுடுத்தி, நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் படகால் இறங்கி, ஆவலோடு அவரைச் சுற்றி நிற்கும். போனை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடிப்பார். அதில் சாம்பல் பூசினதுபோல மங்கிய ஒரு படம் இருக்கும். பார்த்தவர்களின் முகம் விழுந்துபோகும்.

"என்னக்கா, இப்பிடி வந்திருக்கு?"

"இது அவியாத படம். உங்களிட்ட இருந்து கமராவுக்குள்ள வந்தது இவ்வளவும்தான். இனி இதைப் பாருங்கோ."

விரலால் ஒரு தள்ளு. அடுத்த படத்தில் கடல் நீலமாகவும், சேலையின் கரை சேலையின் கரையாகவும், குடும்பத்துக் கிழவரின் கண்ணில் இருக்கிற சிரிப்பு கண்ணிலேயே இருக்கும். சனம் ஆ என்று வாயைத் திறக்கும். இரண்டாவதை மட்டும் காட்டியிருந்தால் போதாதா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "நான் என்ன செய்தனான் எண்டு அவைக்குத் தெரியவேணும். தெரியாமல் செய்தால் அது களவு" என்பார். களவு என்ற சொல்லை அவர் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் பாவிப்பார். தேத்தண்ணிக் கடைக்காரர் பாலைக் குறைத்தால் களவு, பஸ் சாரதி நேரத்துக்கு முன்னம் எடுத்தால் களவு.

அந்த நாட்களில் நான் நயினாதீவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு புங்குடுதீவில். காலையில் படகு, மத்தியானம் திரும்பவும் படகு. பள்ளிக்கூடம் விட்டு இக்கரைக்கு வந்தால் பஸ் வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும். அந்த வெயிலில் நிழலென்று சொல்லக்கூடியது தேத்தண்ணிக் கடையின் தகரத் தாழ்வாரம் ஒன்றுதான். அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருப்பார். பக்கத்துக் கதிரை எப்படியோ என்னுடையதாகிவிட்டது.

ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் துறையில் யார் படம் எடுப்பிக்கப் போகிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் போனைப் பிடிக்கிற ஆள் படத்தில் வராது. எல்லோரையும் சேர்த்து எடுக்க வேறொருவரிடம் கொடுத்தாலோ, பின்னால் கடல் வெள்ளைத் துணியாகிவிடும், முகங்கள் சட்டியின் அடிபோல வரும். அக்காவின் கமரா கைக்குள் அடங்கிவிடும் சின்னச் சாமான். பிரான்சில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தது. பெரிய கமராவை எதிர்பார்த்து வந்த சிலர் அதைக் கண்டு சிரிப்பார்கள். அவர் அதற்கெல்லாம் அசைய மாட்டார். போகிற சனத்தைப் படகு ஏற முன்னம் எடுத்துவிடுவார். அவர்கள் கோயிலுக்கும் புத்த விகாரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் படத்தைப் போனில் ஏற்றி, திருத்தி, வைத்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் அதைத் தங்கள் போனில் வாங்கிக்கொண்டு தாங்கள் வந்த வான் வண்டியில் ஏறிப் போய்விடலாம்.

அந்த ஏற்றுகிற வேலையில்தான் எத்தனை பத்தியம். கமராவிலிருந்து காற்றிலேயே போனுக்குப் படத்தை அனுப்பலாம். சின்னப் பெடியள் கூட அதைச் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். "அப்பிடி வாறது கமரா தன்ர பாட்டில அவிச்ச படம். உப்பும் புளியும் அதுவே போட்டிருக்கும். நான் அதில என்னத்தைச் செய்யிறது?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கமராவைத் திறந்து, படங்கள் பதிகிற நகத்தளவு மெமரி காட்டை வெளியில் எடுப்பார். கடற்காற்றின் உப்புப் பிடிக்காமல் ஒரு மருந்துக் குளிசைப் போத்தலுக்குள் வைத்திருக்கும் காட் ரீடரை எடுப்பார். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, காட்டைச் செருகி, போனின் அடியில் மாட்டுவார். பிறகு படங்கள் ஒவ்வொன்றாகப் போனுக்குள் இறங்கும். பாரமான படங்கள். ஆறுதலாகத்தான் இறங்கும். அது முடியும்வரை யாரும் அவரோடு கதைக்கக் கூடாது. முடிந்த பிறகும், ஒவ்வொன்றையும் திறந்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் வந்துசேர்ந்ததாக ஒத்துக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய போன் மதகில் விழுந்து உயிரை விட்டது. அக்கரையிலிருந்து சனம் திரும்புகிற நேரம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முன்னமே என் போனின் அடியில் ரீடர் ஏறிவிட்டது. இடம் போதாதென்று போன் சொன்னது.

"டீச்சர், என்ன உம்மட போனுக்குள்ள இவ்வளவு காலை வணக்கம்?"

ரோசாப்பூவும் சூரியனும் தேத்தண்ணிக் கோப்பையுமாக, சொந்தக்காரர் அனுப்பிய காலை வணக்கங்களை நான் ஒருநாளும் அழித்ததில்லை. அழிப்பது மரியாதையில்லை என்று ஒரு எண்ணம். அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டி, "இது போகலாமோ? இது?" என்று கேட்டுக் கேட்டு என்னையே அழிக்க வைத்தார். தான் தொடவில்லை. அது என்னுடைய போனாம். படகு வந்து கட்டுகிற வேளையில் கடைசிச் சூரியன் போனது, படங்கள் இறங்கத் தொடங்கின. அந்தக் குடும்பம் முறுமுறுத்துக்கொண்டு நின்றது. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் புதுப் போன் வாங்கும்வரை என் போனில்தான் வேலை நடந்தது. அப்படித்தான் அவருடைய திருத்தத்தை நான் கிட்டவிருந்து பார்த்தேன்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. படத்தில் எதையாவது மாற்றச் சொன்னால் அது யாருடையது என்று முதலில் பார்ப்பார். முகத்தில் விழுந்த கறுப்பு வெயில் செய்த வேலையென்றால் உடனே எடுத்துவிடுவார். ஆளுடையதென்றால் தொடவே மாட்டார். லண்டனிலிருந்து வந்த ஒருவர், தங்கச் சங்கிலியெல்லாம் போட்ட வாட்டசாட்டமான மனிதர், மெல்ல அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "அக்கா, இந்த வயித்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ" என்றார்.

"வயிறு உங்கட, தம்பி. வெயில் மட்டும்தான் என்ர."

மனிதருடைய மனிசி சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். அந்த மனிதரும் பிறகு சிரித்துவிட்டார். எல்லோரும் அப்படிச் சிரிப்பதில்லை. தங்கையின் நிறத்தைக் கூட்டச் சொன்ன ஒரு தமையன், நெற்றி நரையை மறைக்கச் சொன்ன ஒரு மாப்பிள்ளை என்று எத்தனையோ பேர் படத்தை வாங்காமலே போயிருக்கிறார்கள். அவருடைய ஆட்களுக்கு முந்தி தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. சிங்களம் தண்ணீராக ஓடும். விகாரைக்கு வந்த சிங்கள அம்மாமாரிடமும் அதே சட்டத்தை அதே முகத்தோடு சொல்லி, அவர்களிடமும் பேச்சு வாங்குவார். ஆளுக்கொரு நியாயம் அவரிடம் கிடையாது.

அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனவருத்தமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவரே என்னைக் களவென்பார்.

அனலைதீவுத் தாயொருவர், பிரான்சிலிருந்து வந்த மகளின் குடும்பத்தோடு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்த பிறகு, மணிப்பேர்சைத் திறந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். மீசை அரும்பின ஒரு பெடியன்.

"பிள்ளை, இவனையும் எங்களோட சேர்த்து விடு. எனக்குப் பக்கத்தில. சண்டையோட காணாமல் போனவன்."

அக்கா அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"என்னால ஏலாதம்மா."

"மற்ற இடங்களில செய்யினம்."

"ஓம், செய்வினம். இந்தப் பிள்ளையில எந்த வெயில் விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது. நான் வச்சால் பொய்யாத்தான் இருக்கும். நீங்கள் இந்தப் படத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் வடிவா எடுத்துத் தாறன்."

அந்தத் தாய் படத்தைத் திருப்பி வாங்கினார். "கையில பிடிச்சுக்கொண்டு, இவனைத் தாங்கோ எண்டு நான் றோட்டில நிண்டது போதும் பிள்ளை. வீட்டுச் சுவரில எண்டாலும் அவன் என்ர பக்கத்தில நிக்கட்டும் எண்டுதான் கேட்டனான்" என்றார். சத்தம் போடவில்லை. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வான் வண்டிக்குப் போனார். எடுத்த குடும்பப் படத்தையும் வேண்டாமென்றுவிட்டார்கள்.

"நீங்கள் செய்திருக்கலாம் அக்கா" என்றேன். "ஆருக்கு என்ன நட்டம்?"

அவர் ரீடரைக் குளிசைப் போத்தலுக்குள் போட்டு மூடினார், திறந்தார், மூடினார். அவர் செய்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஒரு இடத்தில் சட்டம் வளைந்திருந்தால் வானம் இடிந்து விழுந்திராது. என்னுடைய உயிர் அந்த வளையாத சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கப் போகிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா நடந்தது. மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். விழா முடிந்து மத்தியானம் படகால் இறங்கும்போது அக்கா கதிரையிலிருந்து எழும்பி வந்தார்.

"நில்லும் டீச்சர். போன வருசப் பரிசளிப்புக்கும் எடுத்தனான், இந்த வருசமும் எடுப்பம்."

கனடாவில் இருக்கிற என் தங்கச்சி பல மாதமாக ஒரு நல்ல படம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் நான் எடுத்து அனுப்புகிறதெல்லாம் அடையாள அட்டைப் படம் மாதிரி இருக்காம். ஆகவே சந்தோஷமாகக் கடலைப் பார்த்து நின்றேன். எடுத்தார். நிழலுக்குள் போய், காட்டைக் கழற்றி, புதுப் போனில் ஏற்றினார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து பார்த்தேன். உச்சியில் நின்று எரிக்கிற வெயில். நாடிக்குக் கீழே கழுத்தெல்லாம் கறுத்துப்போயிருந்தது. வழக்கம்போலப் போன் திரையின் அடியிலுள்ள, வெளிச்சம் கூட்டுகிற கோட்டில் விரலை வைத்து இழுத்தார். கறுப்பு மெல்ல வெளித்தது. நாடி வந்தது, தாலிக்கொடி வந்தது, சட்டையின் கரை வந்தது. அவருடைய விரல் நின்றது. கோட்டைத் திருப்பி விட்டார். மறுபடியும் இழுத்தார்.

"என்னக்கா, பழுதோ?"

"இல்லை. எழும்பி வாரும். மற்றப் பக்கம் பார்த்து நில்லும்."

வெயில் மறுபக்கத்தில் படும்படி நிற்க வைத்து எடுத்தார். இன்னொன்று, நாடியைத் தூக்கச் சொல்லி. திரும்பவும் காட், ரீடர், போன். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்குள் பஸ் வந்து, சனம் ஏறத் தொடங்கியது. அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உது நிழல் இல்லை."

"எது?"

"கழுத்தில. நிழலெண்டால் தூக்கத் தூக்கப் போகும். வெயில் மாறினால் இடம் மாறும். இது மாறேல்லை. போன வருசப் படத்தில இல்லை, பாரும்." போன வருடத்துப் படத்தை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் வைத்துக் காட்டினார். "எனக்கு மருந்து தெரியாது. நீர் டொக்டரிட்டக் காட்டும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் என் கழுத்தைப் பார்ப்பது போலிருந்தது. "வயசு போனால் கழுத்துக் கொழுக்கும்தானே அக்கா. படத்தைத் தாங்கோ, நான் போகவேணும்" என்றேன்.

"தரமாட்டன். டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாரும், தாறன்."

அடுத்தடுத்த நாட்கள் நான் வேறு கதிரையில் இருந்தேன். அவரோ, நான் படகால் இறங்கும்போது எழுந்து நிற்பார். போனைத் திருப்பிப் பிடிப்பார். அதில் இரண்டு கழுத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தடவிப் பார்ப்பேன். இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். சாப்பிட ஏலும், விழுங்க ஏலும், வகுப்பில் கத்த ஏலும். என்ன நோய் வருத்தம் எனக்கு? இரண்டு பெட்டைப் பிள்ளைகள், மூத்தவள் அந்த வருடம் பள்ளிக்கூடச் சோதனை எடுக்க இருந்தாள். அவர்களுடைய அப்பா கொழும்பில் வேலை. வருத்தக்காரியாக இருக்க எனக்கு நேரமில்லை.

கடைசியில் தங்கச்சிதான் என்னை டொக்டரிடம் அனுப்பினாள் என்று சொல்ல வேண்டும். படம் எங்கே, படம் எங்கே என்று அவள் விட்ட கரைச்சல் பொறுக்காமல், இந்தப் பிடிவாதக்காரியிடமிருந்து படத்தை வாங்குவதற்காக மட்டும் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் போனேன். டொக்டர் ஒரு கோப்பை தண்ணீரைத் தந்து, விழுங்கச் சொல்லி, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து பின்னால் நின்று தடவினார். "இதை ஆர் கண்டது?" என்று கேட்டார். துறையில் படம் எடுக்கிற அக்கா என்று சொன்னேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே ஸ்கான் செய்தார்கள், ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள்.

முடிவு வந்த அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் புங்குடுதீவில் என் வீட்டுச் சந்தியைத் தாண்ட, இறங்காமல் இருந்தேன். குறிகட்டுவானில் இறங்கினேன். தகரத்தின் கீழே அவர் தனியாக இருந்தார். கமரா மடியில் இருந்தது. என்னைக் கண்டவுடன் எழும்பியவர், கிட்ட வராமல் அங்கேயே நின்றார்.

"என்னவாம் டீச்சர்? நிழலோ?"

"இல்லை அக்கா. உங்கட படம் சரி. புற்றுநோயாம். வேளைக்குக் கண்டபடியால் வெட்டி எடுக்கலாமாம்."

எத்தனை பேரின் முகத்துக்கு நேரே எத்தனை உண்மைகளைச் சொன்ன மனிசி! கதிரையில் அப்படியே இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

"படம் பிழையாப் போகவேணும், நான் கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு அம்மனுக்கு நேந்தனான் டீச்சர்" என்றார். "என்ர கண்ணில பழுது எண்டு வரட்டும், கமராவில பழுது எண்டு வரட்டும் எண்டு கேட்டனான்."

ஒப்பிரேஷன் நடந்தது. மூத்தவள் சோதனை எழுதினாள். எனக்குத் தொண்டை கட்டி, கொஞ்சக் காலம் வகுப்பில் மணியடித்துத்தான் பிள்ளைகளை அடக்கினேன். காலையில் வெறுவயிற்றில் ஒரு குளிசை, இன்றுவரை அவ்வளவுதான். சின்னவளும் இப்போது படித்து முடித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று ஒவ்வொரு முறை கிளினிக்கிலும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தகரத் தாழ்வாரத்தை நினைத்துக் கும்பிடுவேன். அந்த அக்காவை அவருடைய மகள் பிரான்சுக்குக் கூப்பிட்டு எடுத்துவிட்டாள். அங்கே யாருடைய வயிற்றைக் குறைக்க மாட்டேனென்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. நன்றி அக்கா என்று நேரே சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால் அவர் இல்லாத இடத்தில் இப்படி எழுதிச் சொல்கிறேன்.

ஒப்பிரேஷன் நடந்த அந்த ஆனியில், நயினாதீவுத் தேருக்கு நானும் போனேன். கழுத்துத் தழும்பு அப்போதும் சிவந்து இருந்தது. சனத்துக்குள்ளே, தேருக்குப் பின்னால், ஈரச் சேலையோடு அக்கா நடந்து வந்தார். கையில் கற்பூரச்சட்டி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை. இடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நடந்தேன்.

"ஏனக்கா எடுக்கிறியள்? நீங்கள் கேட்டதை அம்மன் தரேல்லையே."

நெருப்பின் சூட்டில் முகம் வியர்த்துக் கொட்டியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"தராமலோ நீர் என்ர பக்கத்தில நடந்து வாறீர்?"